பழைய கார்களில் ஹெட்லைட் டிம்-பிரைட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாளையில் மூன்று பழைய கார்கள் நிற்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும்போது கற்றதும், உடுமலை, தாராபுரம், கோபி பக்கத்து நண்பர்களின் வண்டிகளைத் திறந்து பார்த்துக் கற்றதும்தான் இங்கே இருப்பவை. எஞ்சினைப் பற்றிக் கேட்பவர்களைவிட ஹெட்லைட்டைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். எஞ்சின் நின்றுபோனால் ஓரம் கட்டலாம். ராத்திரியில் விளக்கு ஏமாற்றினால் ஓரம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

‘டிம் சரியில்லை’ என்று மெக்கானிக்கிடம் சொன்னால் பல்பை மாற்றிவிட்டு அனுப்பிவிடுகிறார். என்ன சொல்லிக் கேட்பது?

நாம் ‘டிம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு விஷயங்களுக்குச் சொல்கிறோம். எதிரே வண்டி வரும்போது நாமே வெளிச்சத்தைத் தாழ்த்துவது ஒன்று. பிரைட்டில் வைத்தாலும் விளக்கு மஞ்சளாக, சோர்ந்துபோய் எரிவது இன்னொன்று. முதலாவது கெட்டால் டிம்மர் சுவிட்ச், பல்பின் இரண்டாவது இழை, அல்லது ரிஃப்ளெக்டரை (பல்பைச் சுற்றி, வெளிச்சத்தை முன்னால் திருப்பும் கிண்ணம்) சாய்க்கும் காயிலைப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு எர்த் (மின்சாரம் வண்டியின் உடம்பு வழியாகத் திரும்பும் பாதை), ஒயர், சுவிட்சின் முனைகள், ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு. எந்த டிம் என்று பிரித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. இரண்டிலும் பல்பு குற்றவாளியாக இருப்பது குறைவு. நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் எர்த்தும் சுவிட்சும்தான் காரணம்.

என் காரில் டிம் எந்த முறையில் வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காரின் வயதைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் நம்மூர் வண்டிகளில் ஒவ்வொரு சொந்தக்காரரும் ஒவ்வொன்றை மாற்றியிருப்பார். அதனால் கழற்றிப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

மிகப் பழையவற்றில் வெளிச்சத்தைத் தாழ்த்தும் வழியே கிடையாது, குறைக்க மட்டும்தான் முடியும். மின்சாரம் ஒரு தடைக் கம்பிச் சுருள் வழியாகப் போய், இழை சிவந்து மங்கும். ஃபோர்டு மாடல் டி இன்னும் விசித்திரம். 1915 மாடலிலிருந்து அதற்கு மின் ஹெட்லைட் வந்தது. மின்சாரம் ஃப்ளைவீலில் இருந்த மேக்னெட்டோவிலிருந்து, அதாவது எஞ்சினோடு சுற்றும் காந்தங்களால் மின்சாரம் உண்டாக்கும் அமைப்பிலிருந்து. எஞ்சின் வேகம் ஏறினால் வெளிச்சம் ஏறும், மெதுவானால் மங்கும். இரண்டு பல்பும் ஒரே வரிசையில் கோத்திருந்ததால் ஒன்று போனால் மற்றதும் அணைந்துவிடும்.

அடுத்தது விளக்கையோ ரிஃப்ளெக்டரையோ சாய்க்கும் முறை. அமெரிக்காவின் கைடு லேம்ப் நிறுவனம் 1915இல் தாழ்த்தும் விளக்கைக் கொண்டுவந்தபோது, ஓட்டுநர் இறங்கிப் போய்த்தான் அதைச் சாய்க்க வேண்டும். உள்ளே உட்கார்ந்தபடியே கைப்பிடியால் சாய்க்கும் வசதி 1917 கெடிலாக்கில் வந்தது. 1920களின் ரோல்ஸ் ராய்ஸ் சிலவற்றில் கம்பியும் நெம்புகோலுமாக ஒரு பெரிய அமைப்பு இருக்கும். ‘பார்க்கர் டிப்பர்’ என்பார்கள், இரண்டு விளக்கும் உடம்போடு குனியும். 1930களின் ஆஸ்டின், மோரிஸ் வகைகளில் லூகாஸ் நிறுவனத்தின் ‘டிப் அண்ட் சுவிட்ச்’. சுவிட்சைத் தட்டினால் வலதுபக்க விளக்கு அணைந்துவிடும், இடதுபக்க விளக்கின் ரிஃப்ளெக்டர் மட்டும் ஒரு காந்தக் காயிலால் இழுக்கப்பட்டுக் குனியும். இதைக் கோளாறு என்று நினைத்து வலது விளக்கைப் பிரித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அது செய்யப்பட்ட விதமே அப்படித்தான்.

மூன்றாவது, நமக்குப் பழகிய இரட்டை இழை பல்பு. 1924இல் ‘பைலக்ஸ்’, மறுவருடம் அமெரிக்காவில் ‘டூப்ளோ’. 1927இல் காலால் மிதிக்கும் டிம்மர் சுவிட்ச். 1940இலிருந்து அமெரிக்கக் கார்களில் கண்ணாடி, ரிஃப்ளெக்டர், இழை மூன்றும் ஒரே உருண்டையாக அடைத்த சீல்டு பீம். நம்ம அம்பாசிடர், லேண்ட்மாஸ்டர், ஃபியட் எல்லாம் இரட்டை இழை வகைதான். பழைய அம்பாசிடரில் சுவிட்ச் கிளட்ச் பக்கம் தரையில் இருக்கும், ஃபியட்டில் ஸ்டீயரிங்கை ஒட்டிய குச்சியில்.

இவற்றை நேரில் பார்க்க ஆசையிருந்தால் கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்ட ஜி.டி. நாயுடுவின் பெயரில் உள்ளது. நான் போகும்போதெல்லாம் கூட்டம் எஞ்சினையும் உடம்பையும் பார்க்கும். நான் விளக்குகள் முன்னால் நின்றுவிடுவேன்.

கால் சுவிட்சில் மூன்று முனை இருக்கிறது. எழுத்து எதுவும் இல்லை. எது எதற்கு?

பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு, சுவிட்சின் மூன்று ஒயரையும் எடுத்துவிடுங்கள். எடுக்கும் முன் துணி நாடாவில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள், கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் இடத்தில் வைத்து, இரண்டிரண்டு முனையாகத் தொடுங்கள். எந்த இரண்டு ஒலிக்கிறது என்று குறித்துக்கொண்டு, சுவிட்சை ஒரு முறை அமுக்கி மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் ஜோடியில் இருந்த முனைதான் பொது. லைட் சுவிட்சிலிருந்து வரும் மின்சாரம் அதில்தான் சேரும். மற்ற இரண்டில் ஒன்று டிம், ஒன்று பிரைட். மாற்றிக் கொடுத்தாலும் எதுவும் எரிந்துவிடாது. டேஷ்போர்டில் பிரைட்டுக்கான சின்ன விளக்கு இருந்தால் அதன் ஒயரும் பிரைட் முனையோடு சேரும்.

பிரிட்டிஷ் வண்டிகளில் ஒயரின் நிறமே வழி சொல்லும். தனி நீலம் லைட் சுவிட்சிலிருந்து வருவது. நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம், கறுப்பு எர்த். துணி சுற்றிய பழைய ஒயராக இருந்தால் எல்லாம் ஒரே மண் நிறத்தில் இருக்கும். அப்போது கவ்விக்குள் ஒளிந்திருக்கும் ஒரு அங்குலத்தைப் பாருங்கள், அங்கே நிறம் அப்படியே இருக்கும்.

டிம் அடித்தால் சில சமயம் இரண்டு விளக்கும் ஒரேயடியாக அணைகிறது. மறுபடி மிதித்தால் வருகிறது. ஓட்டலாமா?

ராத்திரி ஓட்டாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் காங்கேயத்தில் ஒரு கல்யாணம் முடிந்து தாராபுரம் வழியாகத் திரும்பினோம். அப்பாரு முன்சீட்டில், நான் ஓட்டினேன். எதிரே தேங்காய் லாரி. மரியாதையாக டிம் அடித்தேன். விளக்கு மொத்தமும் போய்விட்டது. லாரியின் வெளிச்சம் கண்ணில், எங்கள் பக்கம் இருட்டு. மறுபடி மிதித்தேன், வரவில்லை. மூன்றாவது மிதிக்கு வந்தபோது முன்னால் இருபதடியில் வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பாரு வீடு சேரும்வரை பேசவில்லை. மறுநாள் காலையில் அவரே வந்து, “அந்தச் சுவிட்சைக் கழட்டு கண்ணு” என்றார்.

கழற்றியபோது உள்ளே செம்மண் சேறு. தரையில் இருக்கும் சுவிட்ச், மழைக்காலத்தில் செருப்போடு வரும் மண்ணையும் நீரையும் முப்பது வருடம் குடித்திருந்தது. அதன் உள்ளமைப்பு எளிமையானது. மேலே அமுக்கும் குமிழ், கீழே ஒரு ஸ்பிரிங், அமுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பல் நகரும் சக்கரம், சக்கரத்தோடு சுழலும் செம்புத் தகடு, அதைத் தொடும் மூன்று முனைகள். பல் தேய்ந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்தாலும் தகடு இரண்டு முனைக்கும் நடுவில் நின்றுவிடும். அந்த நடுநிலையில்தான் இரண்டும் அணைகிறது.

பழுது பார்க்கும் விதம் இது. சுவிட்சின் அடித்தட்டைத் தகட்டு நாக்குகள் மடங்கிப் பிடித்திருந்தால் மெல்லிய திருப்புளியால் நிமிர்த்துங்கள். ரிவிட் என்றால் தலையை மட்டும் துளையிட்டு எடுங்கள். திறக்கும்போது ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் திறங்கள், ஸ்பிரிங் பறந்து போனால் தேட முடியாது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். செம்பு முனைகளை 600 நம்பர் வாட்டர் பேப்பரில் லேசாக, பளபளப்பு வரும்வரை மட்டும். முரட்டு எமரி வேண்டாம், அதன் கீறல்களில் தீப்பொறி பிடித்து மறுபடி கருகும். முனைகளில் மெல்லிய வாசலின், பல்சக்கரத்தில் ஒரு சொட்டு எண்ணெய். பேக்கலைட் அடித்தட்டு வெடித்திருந்தால் அது முடிந்தது. ஆனால் அதே அளவில் ஃபைபர் தகட்டில் வெட்டிக்கொள்ளலாம். மூடும்போது ரிவிட் இருந்த இடத்தில் சின்ன திருகாணி போடலாம், அடுத்த முறை திறக்க எளிது.

மாட்டும் முன் மல்டிமீட்டர் வைத்து ஐம்பது முறை அமுக்கிப் பாருங்கள். ஐம்பதும் சரியாக விழ வேண்டும். நாற்பத்தொன்பது போதாது.

விளக்கு அணைந்து அணைந்து, ஒரு தாளத்தோடு எரிந்தால் அது வேறு. அமெரிக்கக் கார்கள் பலவற்றில் லைட் சுவிட்சிலேயே சூடேறினால் துண்டித்து, ஆறினால் சேர்க்கும் ஒரு பிரேக்கர் இருக்கும். எங்கேயோ ஒயர் உடம்பைத் தொடுகிறது, அல்லது அதிக வாட் பல்பு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிரேக்கரை நேராக இணைத்து ‘சரி’ செய்யாதீர்கள், அடுத்தது ஒயர் எரியும்.

ஒரு பக்க விளக்கு மட்டும் மங்கலாக, இரண்டு இழையும் சேர்ந்து எரிவது போலத் தெரிகிறது. பல்பு புதிது.

எர்த். இந்த அடையாளம் தெரிந்துவிட்டால் நீங்கள் பாதி எலெக்ட்ரீஷியன்.

விளக்குக்குப் போன மின்சாரம் திரும்பிவர மட்கார்டு, சேஸிஸ் வழியாகப் பாதை வேண்டும். அந்தப் பாதை துருவாலோ பெயிண்டாலோ அடைபட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். டிம் இழையில் நுழைந்து, வெளியே போக வழியில்லாமல் அதே பல்பின் பிரைட் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், பிரைட் ஒயரில் ஏறி, அடுத்த பக்க விளக்கின் நல்ல எர்த்தில் இறங்கும். அதனால் கெட்ட பக்கத்தில் இரண்டு இழையும் மங்கலாகச் சிவக்கும். டிம்மில் வைத்திருக்கும்போதே டேஷ்போர்டின் பிரைட் விளக்கும் லேசாக மினுங்கும். பார்ப்பவர்கள் சுவிட்ச் கெட்டது என்றுதான் நினைப்பார்கள்.

சோதனை ஒரு நிமிடம். விளக்கை எரியவிட்டு, தடித்த ஒயர் ஒன்றின் ஒரு நுனியை பல்பு ஹோல்டரின் உடம்பிலும், மறு நுனியை பேட்டரியின் எர்த் முனையிலும் பிடியுங்கள். உடனே வெளிச்சம் குதித்தால் விடை கிடைத்துவிட்டது. ஹெட்லைட் கிண்ணத்தை மட்கார்டோடு பிடிக்கும் போல்ட்டைக் கழற்றி, அடியில் ஒரு ரூபாய் காசு அளவுக்குத் தகடு தெரியச் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு முறுக்குங்கள். இதைவிட நல்லது, ஹோல்டரிலிருந்தே தனி கறுப்பு ஒயர் ஒன்றை சேஸிஸ் வரை இழுப்பது. புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டிகளில்தான் இந்தக் கோளாறு அதிகம். பெயிண்டர் அழகாக எல்லா ஓட்டையையும் மூடியிருப்பார்.

இரண்டு பக்கமும் சோர்ந்து எரிகிறது. எங்கிருந்து தொடங்குவது?

அளவெடுப்பதிலிருந்து. விளக்கை எரியவிட்டு, எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள். பிறகு பல்பு ஹோல்டரில், எரிந்துகொண்டிருக்கும்போதே பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வழியில் எங்கோ கசிகிறது.

ஒரு வோல்ட் பெரிய விஷயமா என்று கேட்பார்கள். பல்பின் வெளிச்சம் வோல்ட் குறையும் அளவுக்கு மட்டும் குறையாது, பல மடங்கு குறையும். வோல்ட் 10 சதவீதம் விழுந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். 20 சதவீதம் விழுந்தால் பாதி வெளிச்சம்கூட மிஞ்சாது. புது பல்பு வாங்கியும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

எங்கே கசிகிறது என்று பிடிக்க, மீட்டரின் ஒரு கம்பியை பேட்டரியின் எர்த் அல்லாத முனையில் வைத்துவிடுங்கள். மற்றதை லைட் சுவிட்சின் உள்வரும் முனை, வெளியேறும் முனை, டிம்மர் சுவிட்சின் உள், வெளி, கடைசியாக பல்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போங்கள். எண் எங்கே திடீரென்று குதிக்கிறதோ அதற்கு முந்திய இடத்தில் கோளாறு. ஒயரை மாற்ற வேண்டியிருந்தால் 12 வோல்ட் வண்டிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். ஒயர் நுனியில் மாட்டும் லக்கை வெறுமனே நசுக்கிவிட்டு விடாமல் ஈயமும் பற்றவையுங்கள்.

எங்கள் வண்டி 6 வோல்ட். 12க்கு மாற்றிவிடச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. 1950களின் நடுப்பகுதிவரை வந்த அமெரிக்கக் கார்கள், வில்லிஸ் ஜீப் போன்றவற்றில் 6 வோல்ட்தான். அவை புதிதாக இருந்தபோது நன்றாகத்தான் எரிந்தன. 45 வாட் பல்பு இரண்டுக்கு 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் போதும், 6 வோல்ட்டில் 15 ஆம்பியர் ஓட வேண்டும். வழியில் 0.1 ஓம் துரு இருந்தால் 12 வோல்ட் வண்டி 0.75 வோல்ட்டை இழக்கும், அது 6 சதவீதம். 6 வோல்ட் வண்டி 1.5 வோல்ட்டை இழக்கும், அது கால் பங்கு. அதே துரு ஒன்றுக்கு உறுத்தல், மற்றதற்கு ஆளை முடக்கும் நோய். ஆகவே முனைகளைச் சுத்தம் செய்து, எர்த்தைப் புதுப்பித்து, ஒயரை 4 சதுர மில்லிமீட்டராக ஆக்குங்கள். பேட்டரி கேபிளைத் தடிமனாகப் போடுங்கள். 12 வோல்ட் வண்டியின் மெல்லிய கேபிளை மாட்டியிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரேஸ் கொடுத்தால் பிரகாசம், கால் எடுத்தால் மங்கல். இது?

டைனமோ வண்டியென்றால் ஓரளவுக்கு இயல்பு. மெதுவாக ஓடும்போது டைனமோ சார்ஜ் தராது, விளக்கு பேட்டரியை மட்டும் நம்பி எரியும். மிகவும் மங்கினால் பேட்டரியைச் சோதியுங்கள்.

லூகாஸ் சாயும் ரிஃப்ளெக்டர் குனிய மறுக்கிறது. ஃபியூஸ் போட்டால் உடனே போகிறது.

இது எனக்குப் பிடித்த வேலை. ரிஃப்ளெக்டரின் பின்னால் ஒரு சின்ன காயிலும், பக்கத்தில் அதற்கென்றே ஒரு ஃபியூஸும் இருக்கும். காயில் ரிஃப்ளெக்டரை இழுக்க முதல் நொடியில் நிறைய மின்சாரம் எடுக்கும். முழுவதும் குனிந்ததும் ஒரு சின்னத் தொடுமுனை திறந்து, பிடித்து வைக்க மட்டும் போதுமான குறைந்த மின்சாரத்துக்கு மாறும். ரிஃப்ளெக்டரின் கீல் துருப்பிடித்து முக்கால்வாசியில் நின்றுவிட்டால் அந்த முனை திறக்காது. முதல் நொடி மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஃபியூஸ் போகும். ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றி வைத்தால் காயில் வெந்துபோகும்.

முதலில் கையால் ரிஃப்ளெக்டரைச் சாய்த்துப் பாருங்கள், விளிம்பை மட்டும் தொட்டு. எந்தத் தடங்கலும் இல்லாமல் போய், தானே திரும்பி வர வேண்டும். கீலில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. கிரீஸ் வேண்டாம், தூசி பிடித்துப் பசையாகும். தொடுமுனை கருகியிருந்தால் சுத்தம் செய்து, ரிஃப்ளெக்டர் முழுவதும் குனியும்போது அது பிரிகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

காயிலே வெந்திருந்தாலும் கவலை இல்லை. பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர் இல்லாத ஊர் கொங்கு நாட்டில் ஏது? அவரிடம் கொடுக்கும்போது பழைய கம்பியைப் பிரித்தெடுத்து வீசிவிட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கம்பியின் பருமன், சுற்றுகளின் எண்ணிக்கை, எந்தத் திசையில் சுற்றியிருக்கிறது, இழுக்கும் சுற்றும் பிடிக்கும் சுற்றும் எங்கே சேர்கின்றன, எல்லாம் அதில்தான் இருக்கிறது. எனக்கு ஒன்றைக் கட்டித் தந்தவர் ஐம்பது வருடமாகக் கிணற்று மோட்டார் கட்டியவர். சுற்றி முடித்துவிட்டு, ரிஃப்ளெக்டர் ‘டக்’ என்று குனிவதைப் பார்க்க என்னோடு ராத்திரி வரை உட்கார்ந்திருந்தார்.

மிகப் பழைய வண்டி, டிம்முக்கான தடைச் சுருள் அறுந்துவிட்டது. ஹீட்டர் கம்பி போடலாமா?

போடலாம், அதுவும் நிக்ரோம்தான். அளவுதான் முக்கியம். உதாரணத்துக்கு, 6 வோல்ட்டில் 18 வாட் பல்பு இரண்டு இருந்தால் அரை ஓம் சுருள் சுமாரான டிம் தரும். பல்புக்கு ஏறக்குறைய 3.7 வோல்ட் சேரும், வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகும். சுருளில் சுமார் 10 வாட் சூடு எழும். அதனால் பீங்கான் தாங்கியில், மரத்தையும் ஒயரையும் தொடாமல் வையுங்கள். நிக்ரோமில் ஈயம் ஒட்டாது, திருகாணிக்கு அடியில் நசுக்கித்தான் பிடிக்க வேண்டும். இந்தச் சுருள் வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர தாழ்த்தாது. சாலையில் இன்றைய போக்குவரத்துக்கு இது போதாது, பகலில் ஓட்டுங்கள்.

டேஷ்போர்டில் கண் மாதிரி ஒரு பெட்டி இருக்கிறது. தானாக டிம் ஆகுமாம்?

ஜெனரல் மோட்டார்ஸின் ‘ஆட்ரானிக் ஐ’. 1952இல் கெடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. எதிரே வரும் வெளிச்சத்தை அந்தக் கண்ணில் உள்ள ஒளிக்குழாய் உணர, ஒரு ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்க, ஒரு ரிலே (சின்ன மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் காந்தச் சுவிட்ச்) டிம்முக்கு மாற்றும். கண், ஆம்ப்ளிஃபயர், ரிலே, இதற்கென்றே செய்த கால் சுவிட்ச், நான்கும் சேர்ந்தால்தான் முழு செட். ஒன்றைக்கூடத் தூக்கிப்போடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் ரிலே முனைகளிலும் ஆம்ப்ளிஃபயரின் காய்ந்துபோன கெப்பாசிட்டர்களிலும் இருக்கும். வால்வு ரேடியோ பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் இதைச் செய்வார். ஒளிக்குழாய்க்குப் போவது உயர் வோல்ட்டேஜ். எரிந்துகொண்டிருக்கும்போது கை வைக்கக் கூடாது, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் விட வேண்டும்.

ரிஃப்ளெக்டர் மஞ்சளாகி, கறுத்துவிட்டது. பிராஸோ போட்டுத் துடைக்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். பழைய ரிஃப்ளெக்டர்கள் பித்தளையின் மேல் மெல்லிய வெள்ளி முலாம் பூசியவை. நான்கு தேய்ப்பில் முலாம் போய்ப் பித்தளை தெரியும். விரல் பட்ட இடம்கூட சில மாதங்களில் கறுத்துவிடும். லேசான கறுப்புக்கு, நகைப் பட்டறையில் மெருகுக்கு வைத்திருக்கும் சிவப்பு ரூஜ் பொடியை மிக மென்மையான பஞ்சில் தொட்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோடாக இழுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கோடுகள் விழுந்து வெளிச்சம் சிதறும்.

முலாம் போயிருந்தால் மறுபடி பூச வேண்டியதுதான். நமக்குச் சேலம் பக்கத்தில் இருக்கிறது. கொலுசுக்கு முலாம் போடும் ஊரில் இது புதிய வேலை அல்ல. ரிஃப்ளெக்டரில் நசுங்கல் இருந்தால் முலாமுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மேலே வார்னிஷ் அடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், பல்பு சூட்டில் அது பழுத்து மஞ்சளாகும். பின்னாளில் வந்த இரும்புத் தகட்டு ரிஃப்ளெக்டர்களில் வெற்றிடத்தில் அலுமினியம் படியவைத்திருப்பார்கள், அதற்கு இந்த வழி சரிவராது. பூசி வந்த பிறகு கண்ணாடிக்கும் ரிஃப்ளெக்டருக்கும் நடுவில் புது கார்க் கேஸ்கெட் வையுங்கள். தேங்காய்த் தோப்புக்குள் நிற்கும் வண்டிக்கு ஈரமும் தூசியும்தான் எதிரி.

எல்இடி பல்பு போட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா? இல்லாவிட்டால் 100 வாட்?

ரிஃப்ளெக்டர் என்பது இழை இருக்கும் அந்த ஒரே புள்ளியைக் கணக்குப் போட்டுச் செய்த கிண்ணம். எல்இடியின் ஒளி வேறு இடத்திலிருந்து, வேறு வடிவில் கிளம்பும். உங்களுக்கு முன்னால் வெள்ளையாகத் தெரியும். எதிரே மொபெட்டில் பால் கேனோடு வருபவருக்குக் கண் போய்விடும். டிம் என்ற ஒன்றை இத்தனை பாடுபட்டுச் செய்ததே அவருக்காகத்தான். 100 வாட் போட்டால் பழைய சுவிட்சும் ஹோல்டரும் உருகும். ஏழு அங்குல விளக்குள்ள அம்பாசிடருக்கு 60/55 வாட் ஹாலஜன் ஹெச்4 போதுமானது, அதுவும் ஒயரிங் நன்றாக இருந்தால் மட்டும்.

ரிலே போடுவது பழைய வண்டிக்குத் துரோகம் என்கிறார் நண்பர்.

நான் அப்படி நினைக்கவில்லை. ரிலே போட்டால் பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராகப் போகும், எழுபது வயதுச் சுவிட்சுக்குச் சுமை இறங்கும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள், பழைய ஒயரை வெட்டாமல் இணையுங்கள், நாளைக்கு எடுத்தால் அடையாளமே இருக்கக் கூடாது. ரிலேயின் முனைகளில் எண் இருக்கும்: 30இல் ஃபியூஸ் வழியாக பேட்டரி, 87இல் பல்பு, 86இல் சுவிட்சிலிருந்து வரும் ஒயர், 85இல் எர்த்.

ஒரு எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். உள்ளே டயோடு உள்ள ரிலேயை அதில் வழக்கம்போல் இணைத்தால் டயோடு நேராகக் கடத்தி எரிந்துவிடும். டயோடு இல்லாத சாதாரண ரிலே வாங்குங்கள்.

பழைய பாகங்கள் எங்கே கிடைக்கும்? வந்தது சரியான பாகம்தானா என்று எப்படி அறிவது?

கோவை உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் சில நாள் அதிர்ஷ்டம் அடிக்கும். உடைந்ததானாலும் வாங்கி வையுங்கள், இரண்டு உடைந்ததில் ஒரு நல்லது செய்யலாம். சின்ன பித்தளைத் துண்டு, புஷ், பின் எல்லாம் கணபதி, பீளமேடு லேத் பட்டறைகளில் கடைந்து வாங்கலாம். லூகாஸ் பாகங்களின் உடம்பில் மாடல் எண்ணோடு மாதமும் வருடமும் அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம், வண்டியின் வருடத்தோடு ஒத்துப் பாருங்கள். கண்ணாடியையும் கவனியுங்கள். வலதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த சாய்வு வெளிச்சக் கண்ணாடி டிம்மில் வலது ஓரத்தைத் தூக்கிக் காட்டும். நம் சாலையில் அது எதிரே வருபவரின் முகம்.

ஹெட்லைட் கண்ணாடியின் மேல் பாதிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறது. எடுத்துவிடலாமா?

எடுத்துவிடுங்கள். எதிரே வருபவரின் கண் கூசாமல் இருக்கப் பூசியது அது. டிம்மைச் சரிசெய்து, விளக்கைச் சரியாக நிறுத்தினால் அதற்கு வேலை இல்லை.

டேஷ்போர்டு விளக்கை மங்கலாக்கும் திருகு வேலை செய்யவில்லை.

உள்ளே இருப்பது தடைக் கம்பி சுற்றிய ஒரு ரியோஸ்டாட். கான்டாக்ட் கிளீனர் அடித்து, இருபது முறை இப்படியும் அப்படியும் திருப்பினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

எல்லாம் சரிசெய்தாயிற்று. விளக்கை எப்படி நேராக நிறுத்துவது?

சமமான தரையும் ஒரு வெள்ளைச் சுவரும் வேண்டும். நான் எங்கள் மஞ்சள் களத்தையும், அதன் ஓரத்துக் கிட்டங்கிச் சுவரையும் பயன்படுத்துகிறேன். சக்கரங்களில் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இடத்தில் ஒருவர் உட்காரட்டும், டிக்கியில் வழக்கமாக இருக்கும் சாமான் இருக்கட்டும். விளக்கிலிருந்து சுவருக்கு 7.5 மீட்டர். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு, அதற்கு 7.5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. ஒரு விளக்கைத் துணியால் மூடிவிட்டு மற்றதை டிம்மில் எரியவிடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் படியும்வரை திருகுங்கள். பிறகு அடுத்தது. சீல்டு பீமும் சாயும் ரிஃப்ளெக்டரும் இவ்வளவு துல்லியமான விளிம்பு காட்டாது. அவற்றில் பிரைட்டின் நடுப்பகுதி மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நேராக விழும்படி வைத்துவிட்டு, டிம் அடிக்கும்போது வெளிச்சம் தாழ்ந்து இடதுபக்கம் போகிறதா என்று பாருங்கள்.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறும் எண்ணம் இருந்தால், அங்கே போவதற்கு முன் உங்கள் ஊர்ச் சாலையில் ஒரு மாலை ஓட்டிப் பாருங்கள். நண்பர் ஒருவரை பைக்கில் எதிரே வரச் சொல்லுங்கள். டிம் அடித்தபோது கண் கூசியதா என்று அவரிடம் கேளுங்கள். கூசியது என்றால் திருகைக் கால் சுற்று இறக்கி, மறுபடி அவரை வரச் சொல்லுங்கள்.